பழைய அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி நாவல்கள்: எங்கே தொடங்குவது, எங்கே தடுக்கும்

'டியூன்' வாங்கி நாற்பது பக்கத்தில் மூடி வைத்தவர்கள் நிறைய. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படிக்கத் தொடங்கி முதல் பாகத்தோடு நின்றவர்கள் அதைவிட அதிகம். "என் இங்கிலீஷ் இதுக்குப் பத்தாது" என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது காரணம் இல்லை. இந்த வகை நாவல்கள் தங்கள் உலகத்தை எடுத்த எடுப்பில் விளக்குவதில்லை. தெரியாத ஊர், தெரியாத சாமி, தெரியாத சட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் வாசகரை இறக்கிவிட்டு, விளக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதுதான் இவற்றின் கட்டுமானம். அது தெரியாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் நல்ல ஆங்கிலம் உள்ளவர்கூடக் களைத்துப்போவார். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது, எந்தப் பதிப்பை எடுப்பது, எந்த அத்தியாயம் தடுக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால் இந்தத் தடை பெருமளவு குறைந்துவிடும்.

முதல் புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும்

அறிவியல் புனைகதைக்கு எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) போல நல்ல வாசல் வேறில்லை. நூறு பக்கத்தைச் சுற்றித்தான் வரும். வார இறுதியில் இரண்டு முறை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் ஒரு தடை உண்டு. விருந்துக்கு வந்த நண்பர்கள் நான்காவது பரிமாணம் பற்றி வாதாடிக்கொண்டே இருப்பார்கள். ஃபில்பி என்ற ஒருவரைத் தவிர யாருக்கும் ஒழுங்கான பெயர்கூட இருக்காது. டாக்டர், மனோதத்துவக்காரர், மேயர் என்று தொழிலைச் சொல்லியே வெல்ஸ் ஓட்டுவார். பெயர் தெரியாமல் போனதாக நினைத்துப் பின்னால் புரட்ட வேண்டாம். பயணியின் பெயரும் கடைசிவரை வராது. வாதம் முழுக்கப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. காலத்திலும் நகர முடியும் என்று அவர் நம்புகிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கி.பி. 802,701-க்குப் போய் இறங்கிய பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பயணி தான் பார்ப்பதற்கெல்லாம் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறார். சண்டையும் உழைப்பும் ஒழிந்ததால் மனிதர்கள் மென்மையாகி, சோம்பி, சிறுத்துவிட்டார்கள் என்பது முதல் விளக்கம். கிணறுகளுக்குள் இன்னொரு இனம் வாழ்வதைக் கண்டதும் அது உடைகிறது. மேலே முதலாளிகளின் வாரிசுகள், கீழே தொழிலாளிகளின் வாரிசுகள் என்று புது விளக்கம் பிறக்கிறது. கீழே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியும்போது, யார் யாருக்கு அடிமை என்பதையே அவர் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. இந்த மூன்று இடங்களிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கதை சொல்பவர் தரும் விளக்கம் அவருடைய ஊகம்தான், அது தப்பாகவும் இருக்கலாம் என்ற பழக்கம் இங்கே படிந்துவிட்டால் பின்னால் வரும் பெரிய நாவல்கள் எல்லாவற்றுக்கும் உதவும்.

ஃபேன்டஸிக்கு உர்சுலா கே. லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968). பத்தே அத்தியாயம், இருநூறு பக்க அளவு. பாட்டி சொல்லும் கதையின் ஓட்டம் அந்த நடையில் இருக்கும். பேச்சு குறைவு, வாக்கியம் நீளம், சொற்கள் எளிமை. முன்பக்க வரைபடத்தில் ஒரு துண்டுத் தாளைச் செருகிவையுங்கள், ஏனென்றால் கதை தீவு தீவாகத் தாவும்.

குழப்புவது பெயர்கள்தான். நாயகனுக்குச் சிறுவயதில் டூனி என்று பெயர். ஊரார் கூப்பிடுவது ஸ்பாரோஹாக். உண்மைப் பெயர் கெட். மூன்றும் ஒரே ஆள். கதை சொல்லும் குரல் கெட் என்னும், மற்றவர்கள் ஸ்பாரோஹாக் என்பார்கள். அந்த உலகத்தில் ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவர் உயிரே உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் நான்காம் அத்தியாயத்தில் நண்பன் வெட்ச், விடைபெறும் நேரத்தில் தன் உண்மைப் பெயரைச் சொல்கிற இடம் அவ்வளவு கனமானது. எஸ்டாரியோல் என்ற அந்தச் சொல்லை வாயில் நுழையாத இன்னொரு பெயர் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு அங்கே கைமாறுகிறது. நின்று படியுங்கள்.

நாவலே பாரம் என்று தோன்றினால் ஐசக் அசிமோவின் 'ஐ, ரோபோட்' (1950) எடுக்கலாம். ஒன்பது சிறுகதைகள், ஒவ்வொன்றும் ஒரு புதிர் மாதிரி. நாளுக்கு ஒன்று போதும்.

வாங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்

ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நூல்களில் சிக்கல் குறைவு. மொழிபெயர்ப்புகளில்தான் ஏமாற வாய்ப்பு. ஜூல் வெர்னின் 'ட்வென்ட்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ' நாவலை 1872-இல் லூயிஸ் மெர்சியர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்டக் கால்வாசியை வெட்டிவிட்டார். அறிவியல் விவரங்களிலும் பிழைகள். உரிமைத்தொகை கிடையாது என்பதால் மலிவுப் பதிப்புகள் பலவும் இன்றைக்கும் இதைத்தான் அச்சடிக்கின்றன. வெர்ன் சிறுபிள்ளைத்தனமாக எழுதுவார் என்ற பெயர் ஆங்கில வாசகர்களிடம் பரவியதில் இந்த மாதிரி மொழிபெயர்ப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். பேராசிரியர் அரோனக்ஸ் "டிஸ்அக்ரியபிள் டெரிட்டரி ஆஃப் நெப்ராஸ்கா"விலிருந்து திரும்பியதாக இருந்தால் அது பழைய மொழிபெயர்ப்பு, வைத்துவிடுங்கள். 'பேட்லேண்ட்ஸ்' என்ற நிலப்பகுதியைத்தான் மெர்சியர் அப்படி மாற்றினார். வில்லியம் புட்சரின் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பு நல்லது. எஃப். பி. வால்டர் செய்த முழு மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே தளத்தில் பழையதும் இருக்கிறது, ஆகவே இறக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். தலைப்பில் வரும் இருபதாயிரம் லீக் கடலின் ஆழம் இல்லை, நீருக்கடியில் போன தூரம்: ஒரு லீக் 4 கிலோமீட்டர் என்ற கணக்கில் 80,000 கிலோமீட்டர். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் கேப்டன் நெமோ உண்மையில் யார் என்பது இதில் வராது. 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில்தான் அவர் புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் டக்கார் என்றும், ஆங்கிலேயருக்கு எதிராக 1857-இல் போராடியவர் என்றும் வெர்ன் சொல்கிறார். இரண்டையும் இந்த வரிசையில் படிக்க வேண்டும்.

ஸ்தானிஸ்வாவ் லெம்மின் 'சோலாரிஸ்' (1961) இன்னொரு கண்ணி. 1970-இல் வந்த ஆங்கில நூல் போலிஷிலிருந்து நேராக வந்ததில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது. 2011-இல் பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தார். அதை ஒலிநூலாகவும் மின்நூலாகவும் தேடுங்கள். நாயகியின் பெயர் ரேயா என்று இருந்தால் பழையது, ஹேரி என்று இருந்தால் நேரடியானது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்புகளும் அதே தலைப்போடு கடையில் இருக்கும். 'அப்ரிஜ்டு', 'ரீடோல்டு' என்ற சொற்களை அட்டையிலும் உள்பக்கத்திலும் தேடுங்கள். வெர்னின் அந்த நாவல் 150 பக்கத்தில் இருந்தால் அது முழு நூலாக இருக்கவே முடியாது.

வெல்ஸ், வெர்ன், மேரி ஷெல்லி ஆகியோரின் நூல்களைச் செலவில்லாமல் சட்டப்படி படிக்கலாம். புராஜெக்ட் குட்டன்பெர்க், ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் இரண்டும் போதும். டோல்கீன், லெ குவின், கிளார்க், ஹெர்பர்ட் நாவல்களுக்கு உரிமை இன்னும் இருக்கிறது. புதிதாக வாங்க முடியாவிட்டால் பழைய புத்தகக் கடையோ நூலகமோதான்.

முதல் ஐம்பது பக்கம்

தெரியாத சொல் வந்தால் அது ஆங்கிலச் சொல்லா, ஆசிரியர் உருவாக்கிய சொல்லா என்று மட்டும் பாருங்கள். உருவாக்கிய சொல் என்றால் விட்டுவிட்டு மேலே போங்கள். அது மூன்றாவது, நான்காவது முறை வரும்போது இடத்திலிருந்தே பொருள் விளங்கும். ஆங்கிலச் சொல் என்றால், திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அகராதி பாருங்கள். ஒரு முறை வந்துபோகிற சொல்லுக்கு அகராதியைத் திறந்தால் காட்சி அறுந்துவிடும்.

அரைத் தாள் ஒன்றில் ஆட்களின் பெயரையும், யார் பக்கம் என்பதையும் எழுதுங்கள். பதினைந்து பெயருக்கு மேல் எழுத வேண்டிய தேவை வராது. அதற்கு மேல் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு காட்சியோடு போய்விடுவார்கள்.

நாளுக்கு ஐந்து பக்கம் என்று படிப்பதுதான் பலர் செய்கிற தவறு. சமூக நாவலுக்கு அது சரிப்படலாம். இங்கே நேற்றுக் கற்ற பெயர்கள் இன்றைக்குள் மங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவது போல ஆகும். முதல் ஐம்பது பக்கத்தை இரண்டே அமர்வில் முடியுங்கள். அதன் பிறகு எவ்வளவு மெதுவாகப் போனாலும் உலகம் கலையாது.

'டியூன்'

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய நாவல். கடைசியில் கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்ட்டன் நிறுவனம்தான் அதை வெளியிட்டது. கனமான தொடக்கம் அன்றைக்கே பலரைத் தடுத்தது.

பின்பக்கத்தில் சொற்பட்டியல் இருக்கிறது. அதை முதலில் படிக்காதீர்கள். தொடங்குவதற்கு நான்கு சொற்கள் போதும். அராக்கிஸ் என்பது பாலைவனக் கோள். அதற்கு இன்னொரு பெயர்தான் டியூன். மெலாஞ்ச் என்பதும் ஸ்பைஸ் என்பதும் ஒன்று. அது அந்தக் கோளில் மட்டும் கிடைக்கும். பெனி கெசரிட் என்பது பெண்களின் ரகசிய அமைப்பு. மென்டாட் என்பது கணினியின் இடத்தில் மனிதரையே பயிற்றுவித்து வைத்திருப்பது. மற்றதெல்லாம் தானாக வரும்.

குடும்பத்துக்குள் இருக்கும் துரோகி யார் என்பதை ஹெர்பர்ட் வெகு சீக்கிரம், எதிரியின் வாயாலேயே சொல்லிவிடுவார். அத்தியாயத் தலைப்பில் வரும் இளவரசி இருலானின் குறிப்புகளும் வரப்போவதை முன்பே அறிவிக்கும். சஸ்பென்ஸ் போய்விட்டதே என்று இங்கே சிலர் வருத்தப்படுகிறார்கள். நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லையே என்ற பதைப்பில்தான் முதல் பகுதி முழுவதும் நகர்கிறது. கர்ணன் யார் என்று தெரிந்தே பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பழக்கம் உண்டு.

இன்னொரு சிரமம், ஒரே காட்சிக்குள் ஹெர்பர்ட் ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தாவுவது. சாய்வெழுத்தில் இருப்பது மனத்தில் ஓடுவது. அராக்கீன் நகரத்து விருந்துக் காட்சியில் மேசையைச் சுற்றியுள்ள பலரின் நினைப்பும் பேச்சும் கலந்து வரும். அதை மட்டும் மெதுவாக, யார் நினைக்கிறார் என்று விரல் வைத்துப் படியுங்கள். அந்தக் காட்சி பிடிபட்டுவிட்டால் புத்தகம் முழுக்கப் பிடிபட்டது மாதிரிதான்.

இதற்கு மட்டும் நூறு பக்கம்வரை பொறுமை கொடுங்கள். முடித்தபின் 'டியூன் மெசையா' (1969) கட்டாயம் படிக்க வேண்டும். நாயகன் பால் அட்ரைடீஸை வெற்றி வீரனாக மட்டும் பார்த்துவிட்டு நிற்பவர்கள் ஹெர்பர்ட் சொல்லவந்ததற்கு நேர்மாறானதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

டோல்கீன்

'தி ஹாபிட்' (1937) முதலில். பத்தொன்பது அத்தியாயம், குழந்தைகளுக்குச் சொல்லும் தொனி. அந்தத் தொனி பிடிக்காவிட்டாலும் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் விடுகதைப் போட்டிவரை போய்விடுங்கள். மோதிரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) மூன்று நாவல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். டோல்கீன் எழுதியது ஒரே நாவல்; உள்ளே ஆறு பகுதிகள். மூன்று தொகுதியாகப் பிரித்தது பதிப்பகத்தின் வசதிக்காக. அதனால் முதல் தொகுதியின் முடிவில் எதுவும் முடியாது. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

முன்னுரையாக வரும் ஹாபிட்டுகளின் வரலாற்றைத் தாண்டிவிடலாம். முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் மந்திரவாதி கேண்டால்ஃப் மோதிரத்தின் வரலாற்றைச் சொல்கிறார். நீளம்தான், ஆனால் ஒரு வரியும் விடக்கூடாது. ஆறு, ஏழு, எட்டாம் அத்தியாயங்களில் கதை நின்றுவிட்டது போலத் தோன்றும். டாம் பாம்படில் பாடும் பக்கங்களை வேகமாகக் கடக்கலாம். எட்டாவதில் வரும் கல்லறை மேட்டை அப்படிக் கடக்காதீர்கள். அங்கே கிடைக்கும் கத்திகளில் ஒன்று ஐந்தாம் பகுதியில் மிகப் பெரிய வேலை செய்யப்போகிறது.

அதிகம் பேர் கைவிடும் இடம் இரண்டாம் பகுதியின் இரண்டாம் அத்தியாயமான எல்ராண்டின் சபை. குள்ளர், எல்ஃப், மனிதர், மந்திரவாதி என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து பழங்கதை சொல்வார்கள். அத்தனையும் நினைவில் நிற்க வேண்டியதில்லை. இது அந்த ஒரே மோதிரம்தான் என்று நிரூபணமாகிறது. ஒளிக்கவும் முடியாது, பயன்படுத்தவும் கூடாது. பிறந்த நெருப்பிலேயே போட வேண்டும். இந்த மூன்று முடிவுக்குத்தான் அவ்வளவு பேச்சும். போரோமிர் பேசி முடித்ததும் ஒரு இடைவேளை விட்டு, மீதியை அதே நாளில் முடியுங்கள்.

மூன்றாம் பகுதியில் ஒரு குழு, நான்காம் பகுதியில் மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் என்று கதை பிரிந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கும். மாற்றி மாற்றிப் படிக்க வேண்டாம். ஃப்ரோடோ என்ன ஆனான் என்று தெரியாமல் மூன்றாம் பகுதியைக் கடக்கும் தவிப்பு தேவையானது. பின்னிணைப்பு பி-யில் நாள்வாரியான அட்டவணை உண்டு. அதில் கதைக்குப் பின் நடப்பதும் இருக்கிறது, முடித்தபின் பாருங்கள். பாட்டுகளைத் தாண்டலாம், மோதிரச் செய்யுளையும் அரகோர்னைப் பற்றிய செய்யுளையும் தவிர.

டோல்கீன் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1977-இல் வந்த 'தி சில்மரில்லியன்' நாவலே கிடையாது. படைப்புக் கதை, வம்ச வரலாறு, போர்கள் என்று புராணம் போல இருக்கும். முன்கதை என்று எண்ணி இதில் தொடங்கினால் டோல்கீனே பிடிக்காமல் போகும்.

வரிசை

வெளியான வரிசையிலேயே படியுங்கள். கதைக்குள் முன்னால் நடப்பது முதலில் என்ற கணக்கு இங்கே கெடுதல் செய்யும். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முதல் மூன்றும் 1951, 1952, 1953-இல் வந்தவை. 1988-இலும் 1993-இலும் வந்த முன்கதைகளை முதலில் படித்தால் பின்னால் அவிழ வேண்டிய முடிச்சுகள் அப்போதே அவிழ்ந்துவிடும். முதல் நூலில் ஐந்து பகுதிகள். பகுதிக்குப் பகுதி வருடக்கணக்கில், சில சமயம் பல பத்தாண்டுகள் தாவும். பழகிய ஆட்கள் திரும்ப வருவது அபூர்வம். பேரரசு சரிவதுதான் கதை, அதில் மனிதர்கள் வந்துபோகிறவர்கள். போர்களும் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடக்கும், அறைக்குள் பேச்சு மட்டும் நம் முன்னால். மூன்றாவதோடு நிறுத்தினால் குறை எதுவும் தெரியாது.

சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையை இப்போதைய பெட்டிப் பதிப்புகளில் மாற்றி எண்ணிட்டிருக்கிறார்கள். ஒன்று என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, 1950-இல் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' எடுங்கள். எர்த்சீயில் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' படித்த பிறகே 'தி அதர் விண்ட்'. இரண்டாம் நூலான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' தொடங்கியதும் தவறான புத்தகம் வந்துவிட்டதோ என்று தோன்றும். கெட் வெகுநேரம் தலைகாட்ட மாட்டான். டெனார் என்ற பெண்ணின் கதை அது, பொறுத்திருங்கள்.

இலங்கையில் உருவான ஒரு நாவல்

ஆர்தர் சி. கிளார்க் 1956-இலிருந்து 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலடியில் கோணேஸ்வரத்தின் இடிபாடுகளைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். அதற்கு நிலநடுக்கோட்டில் ஒரு மலை வேண்டும். கிளார்க் இலங்கையையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டுவிட்டார். யக்ககல என்பது சிகிரியா. ஸ்ரீ கந்த என்பது சிவனொளிபாதமலை. பழைய மன்னன் காளிதாசனின் கதைக்கு அடிப்படை காசியப்பன். இவ்வளவும் தெரிந்து படிக்கும் தமிழ் வாசகருக்கு, வெளிநாட்டு வாசகரைவிட இது எளிதாகத் திறக்கும்.

முதல் பகுதியில் மன்னனும் இருபத்திரண்டாம் நூற்றாண்டுப் பொறியாளர் மோர்கனும் மாறி மாறி வருவார்கள். அத்தியாயங்கள் குட்டையானவை என்பதால் சமாளிக்கலாம். எது உண்மை இடம், எது கற்பனை என்று கிளார்க்கே பின்னுரையில் சொல்கிறார். அதைக் கடைசியில் படியுங்கள். அவர் மனிதர்களை ஆழமாக எழுதுகிறவர் இல்லை. எந்திரமும் அதன் கணக்கும்தான் நாயகன், அதை எதிர்பார்த்துப் போக வேண்டும். 'ரெண்டெவூ வித் ராமா' (1973) பிடித்தால் அதோடு நிறுத்துங்கள். தொடர்ச்சிகள் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து எழுதியவை, வேறு மாதிரியானவை.

கைவிடுவதும் மாற்றுவதும்

ஐம்பது பக்கத்தில் ஒரு ஆள்மீதாவது, ஒரு கேள்விமீதாவது ஆர்வம் வரவில்லையென்றால் மூடிவிடுங்கள். எழுத்தாளரை மாற்றுங்கள், வகையை மாற்ற வேண்டாம். கிளார்க் வறட்சி என்று தோன்றியவருக்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) பிடிக்கலாம். வெர்னின் மீன் பட்டியல் அலுத்தவருக்கு வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) சரியாக இருக்கும். ஆண்களே நிறைந்த உலகங்கள் உறுத்தினால் அந்த உறுத்தல் நியாயமானது. 'ஃபவுண்டேஷன்' முதல் நூலில் சொல்லும்படியான பெண் பாத்திரமே இல்லை. அப்போது லெ குவினிடம் போங்கள்.

அவருடைய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) நான்கைந்து நாவல் படித்தபின் எடுக்க வேண்டியது. எஸ்ட்ராவென், ஹார்த், தெரெம் மூன்றும் ஒருவரே. நடுநடுவே வரும் நாட்டார் கதை அத்தியாயங்களை இடைச்செருகல் என்று தாண்டிவிடாதீர்கள். முக்கியப் பாத்திரம் பின்னால் எடுக்கும் முடிவுக்கு அங்கேதான் சாவி இருக்கிறது. சில அத்தியாயங்களைத் தூதர் ஜென்லி ஆய் சொல்வார், சிலவற்றை எஸ்ட்ராவென் தன் நாட்குறிப்பாக எழுதுவார். அத்தியாயத்தின் முதல் சில வரிகளிலேயே யார் குரல் என்று உறுதி செய்துகொண்டு மேலே போங்கள். கதை நடக்கும் நாட்டில் நடப்பு ஆண்டு எப்போதும் ஆண்டு ஒன்று. தேதிகள் குழப்பினால் கடைசிப் பக்கங்களில் நாட்காட்டி இருக்கிறது.